பாடம் எழுதப் போகும் வாத்தியார்

தமிழ்நாட்டு அரசுப் பாடநூல் எதையாவது எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். பாட வல்லுநர், மேலாய்வாளர், ஒருங்கிணைப்பாளர் என்று வரிசையாகப் பெயர்கள் இருக்கும். அவற்றோடு நூலாசிரியர்கள். ஒவ்வொரு பெயருக்கும் அடியில் பட்டதாரி ஆசிரியர், முதுகலை ஆசிரியர், இடைநிலை ஆசிரியர் என்று பதவியும், ஏதோ ஓர் ஊரின் அரசு மேல்நிலைப் பள்ளியோ ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியோ அச்சாகியிருக்கும். பிள்ளைகள் அந்தப் பக்கத்தைப் படிப்பதில்லை. ஆசிரியர்களிலேயே பலர், தெரிந்தவர் பெயர் இருக்கிறதா என்று பார்க்கத்தான் அதைப் புரட்டுகிறார்கள். ஆனால் வகுப்பறையிலிருந்து கிளம்பிப் பாடத்திட்டம், பாடநூல், பயிற்சிக் கட்டகம், வினா வங்கி என்று போன வாத்தியார்களுக்கு அந்தப் பக்கம்தான் வருகைப் பதிவேடு. நம் மாநிலத்தில் இது தனி உத்தியோகமாக வளரவில்லை. சம்பளமும் பணிமூப்பும் பள்ளியில் இருக்கும். வேலை மட்டும் சென்னைக் கல்லூரிச் சாலையிலுள்ள மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தில், மாற்றுப்பணியாக நடக்கும். பணிமனை முடிந்ததும் பெட்டியைக் கட்டிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸ் ஏற வேண்டியதுதான்.

இந்த வேலையின் இரண்டு பக்கத்தையும் பார்த்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு கட்சி உண்டு. பாடம் எழுதப் போகும் ஆசிரியரிடம் இருக்கிற அரிய சரக்கு ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் எந்த இடத்தில், எந்த விதமாக, எதனால் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்ற அறிவு. பாடப்பொருள் அவரைவிடக் கல்லூரிப் பேராசிரியருக்கு நன்றாகத் தெரியும். நடை எழுத்தாளருக்குக் கைவரும். பக்கத்தை அழகாக அமைக்க வடிவமைப்பாளர் இருக்கிறார். தவறுகளைப் பற்றிய அறிவு மட்டும் நோட்டுத் திருத்தியவரைத் தவிர வேறு யாரிடமும் கிடையாது. அப்படியென்றால் இந்தத் தொழிலின் உயிர்நிலை எழுதுவதில் இல்லை, எழுதியதை வகுப்பில் போட்டுப் பார்த்துத் திருத்துவதில் இருக்கிறது. நம் ஏற்பாடோ ஆசிரியரை எழுதுகிறவராக மட்டும் அழைக்கிறது. யாரை அழைப்பது என்ற பேச்சு வரும்போது காதில் விழுகிற தகுதிகளைக் கவனித்தாலே இது விளங்கும். 'அவர் நல்லா எழுதுவார்' என்பது ஒன்று. 'பத்து வருஷமா நூறு சதவீதத் தேர்ச்சி' என்பது இன்னொன்று. முதலாவது உதவும், போதாது. இரண்டாவதை நான் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்ப்பேன். நூறு சதவீதம் கொடுக்கிற வகுப்பில் பிள்ளைகளின் தவறுகள் வெளியே வர நேரமே கிடைப்பதில்லை. வருவதற்கு முன்பே சரியான விடை பத்து தடவை எழுதப்பட்டு அடியில் போய்விடுகிறது.

தவறைப் பற்றிய அறிவு என்று நான் சொல்வது என்ன என்பதைத் தசம எண்களில் காட்டலாம். 0.5, 0.25, 0.125 ஆகியவற்றில் எது பெரியது என்று கேட்டால், புதிதாகத் தசமம் படிக்கிற பிள்ளைகளில் பலர் 0.125 என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை முழு எண்ணாக வாசிக்கிறார்கள். ஐந்தைவிட இருபத்தைந்து பெரியது, இருபத்தைந்தைவிட நூற்று இருபத்தைந்து பெரியது. ஆசிரியர் திருத்துகிறார். திருத்தியதைக் கேட்ட பிள்ளைகளில் சிலர் அதிலிருந்து வேறொரு விதியைத் தாங்களே செய்துகொள்கிறார்கள்: புள்ளிக்குப் பின்னால் இலக்கம் கூடினால் மதிப்பு குறையும். இந்த விதியோடு அதே கேள்விக்கு வந்தால் 0.5 என்ற சரியான விடை கிடைத்துவிடும், மதிப்பெண்ணும் முழுசாக விழும். அந்தப் பிள்ளையிடம் 0.3, 0.45 இரண்டில் எது பெரியது என்று கேட்டால்தான் குட்டு வெளிப்படும். 0.3 என்று சொல்லும். ஆகவே முதல் கேள்வியைத் தனியாகப் பாடநூலில் போட்டால், புரிந்துகொண்ட பிள்ளையும் தப்பான விதி வைத்திருக்கிற பிள்ளையும் ஒரே கதவு வழியாகத் தேறிப் போய்விடுவார்கள். கணக்குப் பேராசிரியருக்கு 0.5, 0.25, 0.125 என்ற வரிசை கண்ணுக்கு அழகு. அரை, கால், அரைக்கால் என்று பாதிபாதியாக இறங்குகிறது. ஐந்தாறு வருஷம் நோட்டுத் திருத்திய வாத்தியாருக்கு அந்த அழகுதான் வில்லங்கம். பலவுள் தெரிக என்ற பகுதியில் வருகிற தவறான மூன்று விடைகளைப் பார்த்தே, அந்த வினாவை எழுதியவர் அண்மையில் வகுப்பில் இருந்தவரா என்று ஓரளவு சொல்லிவிட முடியும். இருந்தவர் என்றால் அந்த மூன்றும் பிள்ளைகள் உண்மையாகவே எழுதுகிற தவறுகளாக இருக்கும். இல்லாதவர் என்றால் கையில் கிடைத்த மூன்று எண்களைப் போட்டு நிரப்பியிருப்பார்.

கணக்கு ஊருக்கு ஊர் மாறாது. சமூக அறிவியலுக்கு வந்தால் இடம் என்ற சங்கதியும் சேர்ந்துகொள்கிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தமிழ்நாடு மழை மறைவுப் பகுதியில் இருக்கிறது, ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதி வடகிழக்குப் பருவமழையில்தான் கிடைக்கிறது என்பது நம் புவியியல் பாடத்தின் அடிப்படையான செய்தி. மாநிலம் முழுமைக்கும் பார்த்தால் தப்பில்லை. இதைத் தாமிரபரணிக் கரைப் பள்ளியில் நடத்தும்போதுதான் சிக்கல் வருகிறது. ஜூன், ஜூலையில் திருநெல்வேலி டவுனிலும் பாளையங்கோட்டையிலும் காற்று மட்டும் சுழற்றியடிக்கும். மழை கிடையாது, இடையிடையே சாரல் தூவும், அவ்வளவுதான். ஆனால் பொதிகை மலையில் கொட்டுகிற மழை பாபநாசம் அணையை நிரப்பும். குற்றாலத்தில் சீசன் களைகட்டும். அணை திறந்து அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவிப் பக்கம் கார் பருவ நெல் நடவு நடக்கும். புத்தகத்தின்படி மழையில்லாத காலம், வாசலுக்கு வெளியே வாய்க்கால் நிறையத் தண்ணீர். 'மழையே பெய்யல, ஆத்துல தண்ணி போவுதுல்லா சார்' என்று எந்தப் பிள்ளையும் கேட்கக்கூடிய கேள்விதான் இது. கேட்காத பிள்ளை இரண்டையும் தனித்தனி அறையில் பூட்டி வைத்துக்கொள்கிறது: பரீட்சைக்கு வடகிழக்கு, வயலுக்குத் தென்மேற்கு. நீர்ப்பிடிப்புப் பகுதி என்ற ஒரு கருத்து நடுவில் வந்தால் இரண்டும் இணைந்துவிடும். மழை பெய்கிற இடமும் அந்தத் தண்ணீர் பாய்கிற இடமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பது விளங்கிவிட்டால் அணை, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகள், கார், பிசானம் என்ற நெல் பருவங்கள் எல்லாம் தானாக ஒழுங்குக்கு வரும்.

இதை அப்படியே பாடநூலில் எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் வகுப்பு ஆசிரியர் பாடநூல் ஆசிரியராக மாறுகிற இடத்தின் கஷ்டம் தொடங்குகிறது. அதே நூலை இராமநாதபுரத்துக் கண்மாய்ப் பாசனத்துப் பிள்ளையும் படிக்க வேண்டும், உதகை மலைப் பிள்ளையும் படிக்க வேண்டும், தண்ணீர் லாரியை மட்டுமே அறிந்த சென்னைப் பிள்ளையும் படிக்க வேண்டும். வகுப்பில் நிற்கிறவருக்கு முன்னால் முகம் இருக்கிறது. புரியாத முகத்தைப் பார்த்ததும் வேறு உதாரணத்துக்குத் தாவிவிடலாம். எழுதுகிறவருக்கு அந்த வசதி கிடையாது. தான் கையால், கண்ணால், குரலால் செய்ததையெல்லாம் தன்னை ஒருபோதும் பார்க்காத இன்னொரு ஆசிரியர் செய்யும்படி தாளில் வைக்க வேண்டும். பொதுச் செய்தியை எழுதிவிட்டு, 'உங்கள் ஊருக்குத் தண்ணீர் எந்த மாதங்களில் வருகிறது? அந்தத் தண்ணீர் எங்கே மழையாகப் பெய்தது?' என்று இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துப் போட்டால் நூல் ஊருக்கு ஊர் திறந்துகொள்ளும். ஆனால் அந்தக் கேள்விக்கு விடைக்குறிப்பில் ஒரே விடை எழுத முடியாது. ஒரே விடை இல்லாத கேள்வி பொதுத்தேர்வுக்கு வராது. தேர்வுக்கு வராததை 'அது செயல்பாடுதானே' என்று தாண்டிப் போவது நமக்குப் பழக்கம். 2018–19 முதல் பொதுத்தேர்வு வினாத்தாளுக்குப் புளூபிரிண்ட் கிடையாது என்று ஆனது நல்ல காரியம். எந்தப் பாடங்களை விட்டுவிட்டுப் பாஸாகலாம் என்ற கணக்குக்கு அது ஓரளவு முடிவு கட்டியது. இருந்தாலும் வினாத்தாள் எடுக்கிறவரும் பாடம் எழுதுகிறவரும் ஒரு மேசையில் உட்காராதவரை, நூலின் செயல்பாட்டுப் பெட்டிகள் பெரும்பாலும் அலங்காரமாகவே நிற்கும்.

வகுப்பும் பாடநூலும் ஒட்டியே பிறந்த காலம் நெல்லைப் பக்கத்தில் உண்டு. திண்ணைப் பள்ளியின் எண்சுவடியும் பொன்னிலக்கமும் நெல்லிலக்கமும் தானியம் அளக்கிற, வரி கட்டுகிற, கூலி கொடுக்கிற வாழ்க்கையிலிருந்து வந்தவை. நாழியும் குறுணியும் கோட்டையும் பிள்ளை காதில் வீட்டிலேயே விழுகிற அளவுகள். அதற்காக அந்தப் பள்ளியைப் பொற்காலமாக்கிப் பேசுகிறவர்களோடு நான் சேர மாட்டேன். ஊரோடு ஒட்டிய அந்தப் பாடம் ஊரின் சாதியோடும் ஒட்டியிருந்தது. யார் திண்ணையில் ஏறலாம் என்பதை ஊரே முடிவு செய்தது. மனப்பாடம்தான் முறை. உள்ளூர்த்தன்மை இருந்தாலே பாடம் நல்லதாகிவிடும் என்பதற்கு அது ஆதாரம் ஆகாது. அதன் பிறகு வந்த மாற்றத்தில் எனக்கு அக்கறையான செய்தி வேறு. 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த மிஷனரி ரேனியஸ் பள்ளிகள் திறந்தார், ஆசிரியர்களைத் தயார்செய்தார், 1832இல் பூமி சாஸ்திரம் என்ற நூலைத் தமிழில் கொண்டுவந்தார். புவியியலைத் தமிழில் பாடமாக வைக்க முயன்ற மிக முந்தைய நூல்களில் அது ஒன்று. பள்ளி, ஆசிரியர் பயிற்சி, நூல் மூன்றும் ஒரே ஆளின் கைக்குள் இருந்தன. மிஷன் நோக்கம் பற்றிய விவாதத்தை வேறொரு நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். அந்த மூன்றும் பிறகு மூன்று துறைகளாகப் பிரிந்தன என்பதும், பிரிந்ததை ஒட்டவைக்கத்தான் இன்று மாற்றுப்பணி ஆணைகள் போடுகிறோம் என்பதும்தான் இங்கே பொருட்டு.

அண்மைக் காலத்துக்கு வருவோம். 2017இல் பேராசிரியர் மு. அனந்தகிருஷ்ணன் தலைமையில் பாடத்திட்டத்தை மாற்ற உயர்மட்டக் குழு அமைந்தது. அந்த ஆண்டு நவம்பரில் வரைவுப் பாடத்திட்டம் மக்கள் கருத்துக்கு வந்தது. 2018 ஜூனில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள். அடுத்த கல்வியாண்டில் மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டன. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை ஆண்டுக்கணக்கில் மாற்றாமல் வைத்திருந்த மாநிலத்தில் இது பெரிய காரியம். அந்த நூல்களின் தாளும் படமும் விரைவுக் குறியீடும் அரசுப் பள்ளிப் பிள்ளையின் கையில் முதல்முறையாக மதிப்பான ஒரு பொருளைக் கொடுத்தன என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. நூறு நூறு ஆசிரியர்கள் உழைத்த உழைப்பு அது. ஆனால் தேதிகளைத் திரும்பப் பாருங்கள். வரைவு வந்ததற்கும் நூல் வகுப்புக்குப் போனதற்கும் நடுவில் ஏழு மாதம். ஒரு கல்வியாண்டு கூட முழுசாக இல்லை. ஒரு பாடத்தை எழுதி, நாலு விதமான பள்ளிகளில் நடத்தி, பிள்ளைகளின் நோட்டை வாங்கிப் பார்த்துத் திருத்தி எழுத இந்தக் கால அட்டவணையில் இடமே கிடையாது. முதல் ஆண்டு மாணவர்கள்தான் முன்னோட்ட மாணவர்கள். அவர்கள் மேல் நடந்த முன்னோட்டத்தின் முடிவுகளும் எழுத்துப் பிழை, தகவல் பிழைத் திருத்தமாகத்தான் பெரும்பாலும் திரும்பி வருகின்றன. 'எட்டாம் பாடத்தின் மூன்றாம் பகுதியில் பிள்ளைகள் இப்படிக் குழம்புகிறார்கள்' என்று எழுதி அனுப்ப ஆசிரியருக்கு ஒரு படிவம் கூடக் கண்ணில் படுவதில்லை.

வேறு மாதிரி நடத்த முடியும் என்பதற்கு இந்தியாவிலேயே சாட்சி இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் 1972இல் பதினாறு நடுநிலைப் பள்ளிகளில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. 1978இல் அந்த மாவட்டம் முழுமைக்கும் விரிந்தது. 1982இல் ஏகலவ்யா என்ற நிறுவனம் அதற்காகவே உருவானது. அங்கே விஞ்ஞானிகளும் கிராமப் பள்ளி ஆசிரியர்களும் சேர்ந்து சோதனைகளை எழுதினார்கள். ஆசிரியர்களின் மாதக் கூட்டத்தில் எது ஓடியது, எது ஓடவில்லை என்று பேசினார்கள். நூல் பதிப்புக்குப் பதிப்பு மாறியது. தேர்வில் புத்தகத்தைத் திறந்து பார்க்க அனுமதி இருந்தது. முப்பது ஆண்டு நடந்ததை 2002இல் மாநில அரசு நிறுத்திவிட்டது. நிறுத்தப்பட்டதைத் தோல்விக்கு அத்தாட்சியாகக் காட்டுகிறவர்கள் உண்டு. நான் அதிலிருந்து எடுத்துக்கொள்வது வேறு பாடம்: ஆசிரியர் திரும்பத் திரும்ப வகுப்புக்கும் எழுதுமேசைக்கும் போய்வருகிற ஏற்பாடு கல்வியளவில் தாக்குப்பிடிக்கும், நிர்வாக ஆதரவு அறுந்தால் அதே நாளில் விழுந்துவிடும். நம் ஊரிலும் செயல்வழிக் கற்றல் 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கியபோது, ரிஷிவேலிப் பள்ளியின் முறையை நேரில் பார்த்து வந்த தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள்தான் அட்டைகளையும் கற்றல் ஏணியையும் தயாரித்தார்கள். எம்.பி. விஜயகுமார் ஆணையராக இருந்து அதற்குத் தோள் கொடுத்தார். 2007இல் மாநிலம் முழுக்க ஒரே வீச்சில் போனதும் அட்டை வந்து சேர்ந்தது, அட்டையைச் செய்த அனுபவம் வந்து சேரவில்லை. பெற்றவர் செய்தவர் ஆக முடியவில்லை. இங்கிலாந்தில் லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் எழுதிய நூலில் வாதாடியது இதைத்தான். பாடத்திட்டம் என்பது ஆசிரியர் தன் வகுப்பில் சோதித்துப் பார்க்க வேண்டிய ஓர் உத்தேசம், மேலிருந்து வந்த முடிவு கிடையாது என்பது அவர் வாதம்.

இதற்கு வருகிற மறுப்புகளில் மூன்றை மதித்துப் பதில் சொல்ல வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்குப் பாடப்பொருளில் ஆழம் போதாது, அவர்களை முன்னால் நிறுத்தினால் பாடம் நீர்த்துப்போகும் என்பது ஒன்று. இதில் பாதி உண்மை. இருபது ஆண்டு ஒரே பாடத்தை நடத்தியவருக்கு அந்தத் துறை இப்போது எங்கே நிற்கிறது என்பது தெரியாமல் போகக்கூடும். அதற்குத்தான் பேராசிரியர் வேண்டும். ஆனால் ஒரு துறைக்கு அதன் தர்க்கப்படி ஒரு வரிசை உண்டு, அதைக் கற்கிற பிள்ளைக்கு வேறொரு வரிசை உண்டு. அணுவிலிருந்து தொடங்குவது வேதியியலுக்கு நேர்வழி. பிள்ளைக்குத் துருவிலிருந்தும் புளிப்பிலிருந்தும் தொடங்குவதுதான் வழி. இரண்டு வரிசைகளும் மோதுகிற இடத்தில் யார் சொல் எடுபடுகிறது என்பதுதான் கேள்வி. பணிமனை அறையில் பேராசிரியர் 'இது இல்லாமல் எப்படி?' என்று கேட்டால் ஆசிரியர் வாயை மூடிக்கொள்கிறார். அவர் கையில் ஆதாரம் இல்லை, அனுபவம் மட்டும்தான் இருக்கிறது. முப்பது நோட்டுகளை மேசையில் வைத்து 'இருபத்திரண்டு பேர் இந்த வரியில்தான் விழுகிறார்கள்' என்று காட்ட முடிந்தால் பேச்சே மாறிவிடும். ஆசிரியரின் குரலுக்குக் கனம் கொடுப்பது பதவி கிடையாது, அந்த நோட்டுக் கட்டுதான்.

இரண்டாவது மறுப்பு சமத்துவத்தைப் பற்றியது, அதனால் கூடுதல் வலுவுள்ளது. மாநில வழி, மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகக் கிடந்த பாடத்திட்டத்தை ஒன்றாக்க முத்துக்குமரன் குழு தொடங்கி, 2010 சமச்சீர் கல்விச் சட்டம் வழியாக, 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போராட வேண்டியிருந்தது. இப்போது வந்து ஊருக்கு ஓர் உதாரணம், மாவட்டத்துக்கு ஒரு செயல்பாடு என்றால் அது பின்வாசல் வழியாகப் பழைய பிரிவினையைக் கொண்டுவராதா? முக்கூடலில் பீடி சுற்றும் வீட்டுப் பிள்ளைக்குப் பீடிக் கணக்கும், சென்னைப் பிள்ளைக்குப் பங்குச்சந்தைக் கணக்கும் என்று ஆகிவிடாதா? இந்தப் பயத்தைச் சிறுமைப்படுத்த எனக்கு மனமில்லை. இதனால்தான் திண்ணைப் பள்ளியைப் பற்றி மேலே அப்படிச் சொன்னேன். ஆனால் சமச்சீர் என்பது எல்லாப் பிள்ளைகளும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்று என்பதைப் பற்றியது. கிளம்புகிற இடம் ஒன்றாக இல்லை, இருந்ததும் இல்லை. நெல் சாகுபடிக்குச் சொர்ணவாரி, குறுவை, சம்பா என்று மட்டும் படித்து, தன் வீட்டு வயலில் நடக்கிற பிசானத்துக்குப் பாடத்தில் இடம் தெரியாமல் போகிற பிள்ளைக்கு நடந்தது சமத்துவம் கிடையாது, அது இன்னொரு வட்டாரத்தின் உள்ளூர்ப் பாடம். வேளாண்துறையின் பருவப் பட்டியலில் கார், பிசானம் உட்பட எல்லாப் பருவங்களுக்கும் இடம் இருக்கிறது. அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட அம்பை 16 நெல் ரகம் எத்தனையோ மாவட்டங்களில் விளைகிறது. பிசானத்திலிருந்து தொடங்கிய பிள்ளை பட்டியல் முழுவதையும் வாசிக்கும் இடத்துக்கு வர வேண்டும் என்பதுதான் பாடத்தின் இலக்காக இருக்க முடியும்.

மூன்றாவதாக நீட், ஜேஇஇ என்பார்கள். மேல்நிலை நூல்கள் அந்தத் தேர்வுகளை மனத்தில் வைத்துத்தான் கனத்தன. பாடத்தைக் குறைக்கச் சொன்னால் நம் பிள்ளைகள் பின்தங்கிவிடுவார்கள் என்ற அச்சம் அரசுக்கும் பெற்றோருக்கும் உண்டு. ஆனால் கொரோனா ஆண்டான 2020–21இல் பாடங்களைக் கணிசமாகக் குறைக்க வேண்டி வந்தபோது, எதை விடுவது என்ற கேள்வி முதல்முறையாக எல்லார் முன்னாலும் நின்றது. எதைச் சேர்ப்பது என்பதற்கு ஆயிரம் பேர் யோசனை சொல்வார்கள். எதை எடுத்தால் பின்னால் வருகிற பாடம் சரியும், எதை எடுத்தாலும் ஒன்றும் ஆகாது என்பது, அடுத்தடுத்த வகுப்புகளை நடத்தியவருக்கே தெரியும். ஏழாம் வகுப்பில் விகிதம் ஆட்டம் கண்டால் பதினொன்றில் வேதியியல் மோல் கணக்கு நிற்காது. போட்டித் தேர்வுக்குத் தயார்செய்வதென்றால் இந்தக் கண்ணிகளைக் காப்பாற்றுவதுதான் முதல் வேலை, பக்கங்களைக் கூட்டுவது அதற்கப்புறம்.

பாடத்திட்ட வேலைக்குப் போகலாமா என்று யோசிக்கிற இளம் ஆசிரியர்களுக்கு இப்போது வாசல்கள் அதிகம். பெங்களூரின் கல்விச் செயலி நிறுவனங்கள் அழைக்கின்றன. அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் போன்ற இடங்களில் கல்வியியலில் முதுகலை படிக்கலாம். தொண்டு நிறுவனங்களில் கட்டகம் எழுதும் வேலை இருக்கிறது. சம்பளம் சிலவற்றில் பள்ளியைவிட அதிகம். போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை கிடையாது. ஒன்று மட்டும் தெரியும்: வகுப்பிலிருந்து எடுத்துக்கொண்டு போன சரக்குக்குக் காலாவதித் தேதி உண்டு. மூன்று நாலு வருஷத்தில் பிள்ளைகளின் கைபேசிப் பழக்கம் மாறும், வீட்டுப் பேச்சு மாறும், அவர்கள் செய்கிற தவறுகளும் மாறும். பழைய தவறுகளை மனத்தில் வைத்துக்கொண்டே எழுதிக்கொண்டிருப்பவர் அதை உணர்வதில்லை. நல்ல ஆசிரியர்களை எழுத இழுத்துக்கொண்டால் வகுப்பு ஏழையாகிவிடுமே என்ற கவலைக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. ஒரேயடியாக இழுக்கக் கூடாது. மூன்று ஆண்டு எழுதினால் அடுத்த மூன்று ஆண்டு வகுப்பு என்று வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் லாபம்.

இதற்குப் புதிதாக நிறுவனம் எதுவும் கட்ட வேண்டாம். 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களுக்கு ஏழு பிரிவுகள் வகுக்கப்பட்டன. அவற்றுள் ஒன்று பாடத்திட்டம், கற்பித்தல் பொருள் உருவாக்கம், மதிப்பீடு ஆகியவற்றுக்கே உரியது. நெல்லை மாவட்டத்துக்கு முனைஞ்சிப்பட்டியில் அப்படி ஒரு நிறுவனம் இருக்கிறது, தூத்துக்குடி மாவட்டத்துக்கு வானரமுட்டியில். நாடு முழுக்கவே இந்த நிறுவனங்களின் நாட்கள் பணியிடைப் பயிற்சிகளிலும் கணக்கெடுப்புகளிலும் கரைந்துவிடுகின்றன. பாடப் பிரிவு பெயரளவில் நிற்கிறது. அதற்கு உயிர் கொடுக்கத் தாமிரபரணிப் பள்ளத்தாக்கைவிடத் தோதான களம் கிடைப்பது அரிது. மலையடிவாரத்தில் காணி பழங்குடி மக்களின் குடியிருப்புகள், அம்பாசமுத்திரத்தைச் சுற்றி நஞ்சை, முக்கூடல் பக்கம் பீடித் தொழில், பாளையங்கோட்டையில் நகரப் பள்ளிகள், ஸ்ரீவைகுண்டம் தாண்டினால் வாழையும் பனையும் செம்மணல் தேரியும், கடைசியில் புன்னைக்காயலில் மீனவர் தெருக்கள். ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஆற்றின் நீளத்துக்குள் தமிழ்நாட்டுப் பிள்ளைகளின் பெரும்பாலான வாழ்நிலைகள் அடங்கிவிடுகின்றன. ஒரு பாடத்தை எழுதி இந்த ஆறு இடங்களில் ஒரே பருவத்தில் நடத்தி, நோட்டுகளை முனைஞ்சிப்பட்டியில் ஒன்றாக வைத்துப் பார்த்தால், மாநிலம் முழுக்க எங்கே இடறும் என்பதில் பெரும்பகுதி தெரிந்துவிடும்.

2025 ஆகஸ்டில் மாநிலக் கல்விக் கொள்கை வெளியாகிவிட்டது. அடுத்த பாடநூல் மாற்றம் பின்னாலேயே வரும். முன்னோட்டத்துக்கு ஓராண்டு ஒதுக்க முடியுமா என்று கேட்டால் அதிகாரிகள் பொதுவாகச் சொல்கிற தடை பணமோ தத்துவமோ இல்லை. ஆசிரியர் வெளியே போகும் நாட்களில் அவருடைய எட்டாம் வகுப்பை யார் பார்ப்பது என்பதுதான். இரண்டு ஆசிரியர் தொடக்கப் பள்ளியில் ஒருவர் கிளம்பினால் மற்றவர் ஐந்து வகுப்பையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டியிருக்கிறது. மாற்றுப்பணி ஆணையிலேயே அந்த இடத்துக்கு ஒரு பதிலி ஆசிரியரின் பெயரும் ஊதியத் தலைப்பும் சேர்ந்து வருகிற வரைக்கும், தலைமையாசிரியர்கள் தங்கள் ஆகச் சிறந்த ஆசிரியரை அனுப்ப மாட்டார்கள், யாரை விட முடியுமோ அவரைத்தான் அனுப்புவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.